அணுவும் அறமும்

மாந்தன் நெருப்பை அடக்கியாளக் கற்ற நாளிலிருந்தே அவனுடைய வாழ்வு மற்ற உயிரினங்களின் வாழ்விலிருந்து வேறுபட்டது என்பர். நெருப்பு அவனுக்கு உணவு சமைத்துக் கொடுத்தது; குளிரை விரட்டியது; இரும்பை உருக்கியது. அதே நெருப்பு அவனுடைய குடிசையையும் எரித்தது. ஆயினும், நெருப்பே வேண்டா என்று எந்த இனமும் முடிவு செய்ததில்லை. அதை அடுப்பில் வைக்கும் முறையையே எல்லா இனங்களும் கற்றுக்கொண்டன. அடுப்பில் இருக்கும்வரை வாழ்வு, கூரைக்கு ஏறினால் அழிவு என்பதே நெருப்பைப் பற்றி நம் முன்னோர் கண்ட முடிவு.

இன்று உலகத்தின் முன் நிற்கும் பெருங்கேள்வியும் நெருப்பைப் பற்றியதே ஆகும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிக்கும் பழைய நெருப்பு ஒன்று. அணுவின் கருவைப் பிளந்து பெறும் புதிய நெருப்பு மற்றொன்று. முன்னது உலகத்தின் காற்றையே மாற்றிவிட்டது. பின்னது காற்றை அவ்வாறு மாற்றுவதில்லை. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள் காவல் காக்க வேண்டிய கழிவை விட்டுச் செல்கின்றது. காலநிலை மாற்றத்தைத் தடுக்க அணு மின்சாரத்தை நாடலாமா என்பது வெறும் பொறியியல் வினாவைப் போலத் தோன்றும். அதன் அடியில் இருப்பதோ ஓர் அற வினா: இன்று வாழும் நாம், இனிப் பிறக்கப் போகின்றவர்களின் தோளில் எத்தகைய சுமையை ஏற்றி வைக்க உரிமை உடையோம்?

பழைய நெருப்பின் கணக்கு

முதலில் பழைய நெருப்பின் கணக்கைப் பார்ப்போம். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. 1958ஆம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்னும் அறிவியலாளர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அதனை அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு அளவில் இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. 2015ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் கூடிய நாடுகள், உலகின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகை செல்சியசுக்கு மேல் உயராமல் காக்க முயல்வோம் என்று உறுதி கூறின. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பமோ அந்த எல்லையைத் தாண்டிச் சென்றது. ஓர் ஆண்டு தாண்டியதனால் உறுதிமொழி முறிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அது எச்சரிக்கை மணி என்பதில் ஐயமில்லை.

வெப்பம் மிகுந்த காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியதை மறந்தவர் நம்மில் யார்? ஒரு வெள்ளத்திற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது அறிவியலாகாது. ஆறுகளை நாம் நடத்திய முறையும் அதற்குக் காரணம். ஆனால் இத்தகைய பெருமழைகள் அடிக்கடி வரும் உலகத்தை நாம் உருவாக்கிக் கொண்டிருக்கின்றோம் என்பது உண்மை.

காலநிலையை ஒதுக்கி வைத்தாலும் பழைய நெருப்பின் குற்றம் குறைவதில்லை. வீட்டுக்கு வெளியே உள்ள காற்று மாசினால் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 42 இலட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்பே இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அம்மாசின் பெரும்பகுதி எதையேனும் எரிப்பதனால் வருவது. இந்த இறப்புகளுக்குச் செய்தித்தாளில் தலைப்பு இல்லை; நினைவு நாளும் இல்லை. ஓசையின்றி நிகழும் தீமையை நாம் தீமையாகவே எண்ணுவதில்லை. அறத்தின் கண் முதலில் காண வேண்டிய பிழை இதுவே.

புதிய நெருப்பின் வலிமை

விரல் நுனி அளவே உள்ள ஒரு யுரேனிய வில்லை, ஒரு டன் நிலக்கரி தரும் வெப்பத்தைத் தரவல்லது. ஆயிரம் மெகாவாட் ஆற்றலுள்ள நிலக்கரி மின்நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் டன் நிலக்கரியை விழுங்கும். அதே ஆற்றலுள்ள அணுமின் நிலையத்திலிருந்து ஆண்டுக்கு வெளிவரும் எரிந்த எரிபொருள் இருபது முதல் முப்பது டன் மட்டுமே. சுரங்கம் தோண்டுவது முதல் உலையை இடித்து அகற்றுவது வரை எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டாலும், ஒரு கிலோவாட் மணி மின்சாரத்திற்கு அணு உலை 12 கிராம் அளவே கரியமிலவாயுவை வெளியிடுகின்றது; எரிவாயு 490 கிராமும் நிலக்கரி 820 கிராமும் வெளியிடுகின்றன. இவை காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014இல் வெளியிட்ட நடுநிலை மதிப்புகள்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட கணக்கு அன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் பிரான்சு நாடு அடுத்தடுத்து அணு உலைகளை எழுப்பியது. இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரு பங்கு அளவு அணுவிலிருந்தே வருகின்றது. 2023 டிசம்பரில் துபாயில் நடைபெற்ற காலநிலை மாநாட்டில், 2050ஆம் ஆண்டிற்குள் உலகின் அணுமின் ஆற்றலை மும்மடங்காக்குவோம் என்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அறிவித்தன. ஆகவே, அணு மின்சாரத்தை நாடுவோர் அனைவரும் அறம் மறந்தவர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பக்கத்திலும் ஓர் அறம் இருக்கின்றது.

அச்சம் அறியாமையா?

அப்படியானால் மக்கள் அஞ்சுவது ஏன்? அவர்களுக்கு அறிவியல் தெரியாததனாலா? அவ்வாறு சொல்லும் அறிஞரும் உண்டு. அது முழு உண்மை அன்று.

1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்பியாட் நகரத்து மக்கள் அதற்கு அடுத்த நாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டனர். தம் தலைக்கு மேல் என்ன மிதக்கின்றது என்பதை அறியாமலே அவர்கள் ஒரு பகலும் ஓர் இரவும் கழித்தனர். முதல் சில மாதங்களில் இறந்தவர்கள் முப்பது பேர் அளவில் இருந்தனர். புற்றுநோயால் பின்னர் இறக்கக்கூடியவர்கள் நாலாயிரம் பேர்வரை இருக்கலாம் என 2005ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு அமைப்புகளின் அறிக்கை கணித்தது. அதனினும் பன்மடங்கு என்பாரும் உளர். எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மக்களிடமிருந்து உண்மை மறைக்கப்பட்டது என்பதில் வேறுபாடு இல்லை.

2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் நிகழ்ந்தது இதனினும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. அன்று எழுந்த ஆழிப்பேரலை, ஒரே கடற்கரையில் இருந்த அணுமின் நிலையங்களை மோதியது. புக்குஷிமா நிலையத்தைக் கட்டியபோது, முப்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்த கரைமேட்டை வெட்டித் தாழ்த்திப் பத்து மீட்டர் உயரத்தில் உலைகளை அமைத்திருந்தனர். பதினைந்து மீட்டருக்கு மேல் அலை எழக்கூடும் என்ற கணிப்பு 2008ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தினுள் இருந்தது. உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அலை வந்தது, மின்சாரம் அற்றது, மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது.

ஒனகாவா நிலையமோ நிலநடுக்கத்தின் மையத்திற்கு இன்னும் அருகில் இருந்தது. அங்கும் பதின்மூன்று மீட்டர் அலை வந்தது. ஆனால் அந்நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. யானோசுக்கே ஹிராய் என்னும் பொறியாளர், 869ஆம் ஆண்டில் அக்கரையை அழித்த பேரலையை மனத்தில் கொண்டு, செலவு மிகுந்தாலும் உயரம் வேண்டும் என்று விடாது வற்புறுத்தியிருந்தார். அவர் 1986ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, வீடிழந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் அந்த அணுமின் நிலையத்தினுள்ளேயே அடைக்கலம் புகுந்தனர்.

ஒரே நாடு, ஒரே நாள், ஒரே கடல், ஒரே வகை ஆற்றல். ஓரிடத்தில் மக்கள் உலையை விட்டு ஓடினர். மற்றோரிடத்தில் உலையை நோக்கி ஓடினர். இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு அணுவில் இல்லை, மாந்தரிடத்தில் இருந்தது. புக்குஷிமா நேர்ச்சி இயற்கையின் செயல் அன்று, மாந்தர் விளைத்த கேடே என்று ஜப்பானிய நாடாளுமன்றம் அமர்த்திய விசாரணைக் குழு 2012இல் கூறியதும் இதனையே. அங்குக் கதிர்வீச்சினால் நேர்ந்ததாக ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்ட இறப்பு ஒன்றே. வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்ட அலைச்சலாலும் துயராலும் இறந்தோர் அம்மாநிலத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் முதியோர். அச்சம் மிகுந்தாலும் உயிர் போகும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாவிட்டாலும் உயிர் போகும்.

ஆகவே, மக்கள் உண்மையில் அஞ்சுவது அணுவைக் கண்டு அன்று. அணுவை ஆள்வோரின் அலட்சியத்தைக் கண்டே ஆகும். அந்த அச்சம் அறியாமை ஆகாது. பட்டறிவு தந்த பாடம் அது.

நம் மண்ணில் கண்டது

இப்பாடம் நமக்குப் புதிதன்று. 1982ஆம் ஆண்டில் மலேசிய மண்ணில் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. பாங்கியில் ஒரு மெகாவாட் ஆற்றலுள்ள ஆய்வு உலை சூன் 28ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உதவி வரும் அவ்வுலை இருப்பதையே நம் மாணவர் பலர் அறியார். அவ்வளவு அமைதியாக அது நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

அதே ஆண்டில் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் அருமண் தனிமங்களைப் பிரிக்கும் தொழிற்சாலை ஒன்று வேலையைத் தொடங்கியது. அஃது அணுமின் நிலையம் அன்று. ஈயச் சுரங்கங்களில் எஞ்சிய அமாங் மணலிலிருந்து கிடைத்த மோனசைட்டை அது பக்குவப்படுத்தியது. ஆனால் அதன் கழிவில் கதிர்வீச்சுடைய தோரியம் இருந்தது. கழிவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை காணும் முன்பே ஆலை ஓடத் தொடங்கியது. 1985இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. பிள்ளைகளின் நோய்க்கு ஆலையே காரணம் என்று பெற்றோர் கூறினர், ஆலையினர் மறுத்தனர். அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், ஒன்று மட்டும் தெளிவு: அக்கழிவு தங்கள் ஊரில் இருக்கலாமா என்று அம்மக்களை முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை.

ஒரே ஆண்டில் தொடங்கிய இவ்விரண்டையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். கதிர்வீச்சு இரண்டு இடத்திலும் இருந்தது. பொறுப்பு ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

பிறவாதவரின் பங்கு

இனி, எல்லாவற்றினும் கடினமான வினாவுக்கு வருவோம். எரிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். நம் சங்க இலக்கியத்தின் வயது இரண்டாயிரம் ஆண்டுகள் என்று பெருமை கொள்கின்றோம். அதைப் போலப் பன்னிரு மடங்கு காலம் கழிந்த பின்னும் அந்நஞ்சில் பாதி எஞ்சியிருக்கும். இன்றைய அரசும் எல்லையும் மொழியும் அன்று எவ்வாறு இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நம் வீட்டு விளக்குக்காக அவர்கள் ஏன் காவல் காக்க வேண்டும்? இவ்வினாவை எழுப்புவோர் நல்ல வினாவையே எழுப்புகின்றனர்.

ஆனால் அதே வினாவைப் பழைய நெருப்பிடமும் கேட்க வேண்டும் அல்லவா? இன்று நாம் காற்றில் விடும் கரியமிலவாயுவைக் கடலும் காடும் சிறிது சிறிதாக உறிஞ்சும். ஆயினும் அதில் ஒரு பகுதி பல ஆயிரம் ஆண்டுகள் காற்றிலேயே தங்கியிருக்கும். உருகிய பனிமலை மீண்டும் உறையவும், உயர்ந்த கடல் மீண்டும் தாழவும் எத்தனை தலைமுறைகள் காத்திருக்க வேண்டுமோ! அணுக்கழிவையாவது பெட்டியில் அடைக்கலாம். அது நாளுக்கு நாள் வலிமை குன்றும். புகையை அடைக்கப் பெட்டி இல்லை. அது பிறந்த வீட்டுக் கூரையின்மேல் நிற்பதும் இல்லை. தூவாலுவின் மீனவரும் வங்காளக் கரையின் உழவரும் எரிக்காத நிலக்கரிக்காக நிலத்தை இழக்கின்றனர். ஆகவே, எதிர்காலத்தவர் மீது சுமை ஏற்றாத வழி ஒன்றும் மற்றொரு வழியும் நம் முன் இருப்பதாக எண்ணுவது தவறு. இரண்டும் சுமைகளே. எந்தச் சுமையை அடையாளம் இட்டு, கட்டி, காவலோடு ஒப்படைக்க முடியும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அவ்வாறு ஒப்படைக்க முயலும் நாடு ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டின் ஓல்கிலுவோத்தோ தீவில், ஏறத்தாழ நூற்றுத்தொண்ணூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையில், நானூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஓங்கலோ என்னும் கழிவுக் காப்பகத்தைக் குடைந்துள்ளனர். எரிந்த எரிபொருளைச் செம்புக் கலங்களில் இட்டு, களிமண் பொதிந்து, பாறைக்குள் வைத்து மூடுவது அவர்கள் திட்டம். இதில் பொறியியலினும் சிறந்தது அதன் பின்னணியில் உள்ள சட்டம். பின்லாந்தில் உண்டாகும் அணுக்கழிவைப் பின்லாந்திலேயே வைக்க வேண்டும். வேறு நாட்டின் தலையில் கட்டலாகாது. அதற்கான செலவை மின்சாரம் விற்போரே முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டும். ஊர்மன்றம் வேண்டா என்றால் காப்பகம் கட்ட முடியாது. அவ்வூர் மன்றம் வாக்கெடுத்து இசைவு தந்த பின்னரே பணி தொடங்கியது.

மாறாக, அமெரிக்காவில் நவகோ பழங்குடியினரின் நிலத்தில் பல்லாண்டுகள் யுரேனியம் தோண்டினர். சுரங்கத்தில் இறங்கிய அம்மக்களுக்கு அதன் ஆபத்தை யாரும் உரியபடி சொல்லவில்லை. தோண்டியவர் போய்விட்டனர், கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூற்றுக்கும் மேல் அங்கே எஞ்சி நிற்கின்றன. கேட்டுப் பெற்ற இசைவுக்கும் கேளாமல் சுமத்திய சுமைக்கும் உள்ள தொலைவு இதுவே.

எளிய வழி உண்டா?

கதிரவனும் காற்றும் இருக்க அணு எதற்கு என்பர் சிலர். வலிமையான கேள்விதான். கதிரவன் மின்சாரத்தின் விலை கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அணு உலையோ காலத்தையும் பொருளையும் விழுங்குகின்றது. பின்லாந்தின் மூன்றாம் ஓல்கிலுவோத்தோ உலையைக் கட்டத் தொடங்கியது 2005இல். அது முறையாக மின்சாரம் தரத் தொடங்கியது 2023இல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டல் நிலையத்தின் இரண்டு புதிய உலைகளுக்கு முந்நூறு கோடி அன்று, மூவாயிரம் கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று. நம் அண்டை நாடான பிலிப்பைன்சில், பத்தான் நிலையம் 1980களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்டும் ஓர் அலகு மின்சாரமும் தரவில்லை. அதற்காக வாங்கிய கடனை அந்நாட்டு மக்கள் 2007ஆம் ஆண்டுவரை அடைத்தனர்.

ஆயினும், வேறு வழிகள் யாவும் மாசற்றவை என்று கருதுவதும் நேர்மையாகாது. சரவாக்கின் பாக்குன் அணை புகை விடுவதில்லை. ஆனால் ஏறத்தாழ சிங்கப்பூர் அளவுள்ள நிலப்பரப்பு அதன் நீரில் மூழ்கியது. பத்தாயிரம் பேர் அளவிலான பழங்குடியினர் தம் முன்னோரின் புதைகுழிகளை விட்டுச் சுங்கை ஆசாப்பில் குடியேற வேண்டியதாயிற்று. சிங்கப்பூருக்கோ அணைகட்ட ஆறும் இல்லை. கதிரவன் தகடுகளைப் பரப்பப் போதிய நிலமும் இல்லை. அதன் மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகின்றது. அன்றிருந்த உலைகள் அச்சிறு தீவுக்குப் பொருந்தா என்று 2012ஆம் ஆண்டு ஆய்வு முடிவு செய்தது. இப்போது சிறிய வகை உலைகளைப் பற்றி அந்நாடு மீண்டும் ஆராய்ந்து வருகின்றது. 2018இல் அணுமின் திட்டத்தைக் கைவிட்ட மலேசியாவும் மீண்டும் அதனை எண்ணிப் பார்க்கின்றது. முடிவெடுக்கும் காலம் நம் தலைமுறைக்கே வந்து சேர்ந்துள்ளது.

தெரிந்து செயல்

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு செயலால் அழிவது, ஆவது, பின்னர் வந்து சேர்வது ஆகிய மூன்றையும் எண்ண வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. நம்மில் அணுவை ஆதரிப்போர் ஆவதை மட்டும் எண்ணுகின்றனர். எதிர்ப்போர் அழிவதை மட்டும் எண்ணுகின்றனர். பின்னர் வருவதை எண்ணுவோர் இரு பக்கத்தும் குறைவு.

மூன்றையும் சேர்த்து எண்ணினால், ஏற்கெனவே பாதுகாப்பாக இயங்கும் உலையை மூடுவதும் புதிய உலையைக் கட்டுவதும் ஒரே வினா அல்ல என்பது புலப்படும். செருமனி 2023 ஏப்ரல் 15ஆம் நாள் தன் கடைசி மூன்று அணு உலைகளை மூடியது. நிலக்கரி நிலையங்களுக்கோ 2038 வரை தவணை தந்தது. மக்களின் அச்சத்தை மதித்த முடிவு அது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் புகை விடாததை முதலில் அணைத்துப் புகை விடுவதைப் பின்னுக்கு வைத்த வரிசை அறத்தின் வரிசை ஆகுமா? ஆகாது என்பதே என் துணிபு.

புதிய உலையைப் பொறுத்தவரை, மூன்று நிபந்தனைகள் நிறைவேறினாலன்றி எந்நாடும் அதில் இறங்கலாகாது. முதலாவது, உண்மை: உலையை நடத்துவோரைக் கண்காணிப்போர் அவர்களுக்குக் கட்டுப்படாதவராக இருத்தல் வேண்டும், விரும்பத்தகாத கணிப்பும் மக்கள் முன் வைக்கப்படுதல் வேண்டும். இரண்டாவது, பொறுப்பு: கழிவுக்கு இடமும் செலவுக்குப் பணமும் உறுதியான பின்னரே முதல் கல் நாட்டப்படுதல் வேண்டும், அந்த இடத்து மக்களின் இசைவு வற்புறுத்தலின்றிப் பெறப்படுதல் வேண்டும். மூன்றாவது, அடக்கம்: இருபது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் உலையைக் காட்டி, இன்றே செய்யக்கூடிய சிக்கனத்தையும் கதிரவன் மின்சாரத்தையும் தள்ளிப் போடலாகாது. குளிரூட்டியை இயக்கிவிட்டுப் போர்வையைத் தேடும் வாழ்க்கைக்காக ஓர் அணுவைப் பிளப்பதும் மிகை. ஒரு கரித்துண்டை எரிப்பதும் மிகை.

இம்மூன்றும் இயலாத நாட்டுக்கு அணு உலை தகாது. இயலும் நாடு அதனை மறுத்து, நிலக்கரியைத் தொடர்ந்து எரிக்குமாயின், அதுவும் தகாது. அணு நல்லதா தீயதா என்று கேட்பதைவிட, அதைக் கையாளத்தக்க நேர்மை நம்மிடம் உண்டா என்று கேட்பதே முறை. அக்கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்காது. பள்ளியிலும் மன்றத்திலும் நாடாளுமன்றத்திலும்தான் கிடைக்கும். அறிவியல் பாடத்தில் அணுவின் அமைப்பைக் கற்கும் மாணவன், தமிழ்ப் பாடத்தில் அறத்தின் அமைப்பையும் கற்றல் வேண்டும் என்பது இதனாலேயே. நாளை உலைக்கான இடத்தைக் குறிக்கப் போகின்றவனும் அவனே. அதன் உயரம் போதாது என்று எழுந்து சொல்ல வேண்டியவனும் அவனே.

பிறவாதவர் வாக்களிக்க வருவதில்லை. வழக்குத் தொடுக்க வருவதில்லை. கூட்டத்தில் எழுந்து பேசவும் வருவதில்லை. ஒனகாவாவில் அடைக்கலம் புகுந்த மக்களுள் பலர், ஒரு பொறியாளர் உயரத்திற்காக வாதாடிய நாளில் பிறந்திருக்கவே இல்லை. அவர்களுக்காக அவர் வாதாடினார். நமக்குப் பின் வருவோருக்காக வாதாட வேண்டியவர்கள் நாம்.